நல்ல சேவல் போன பிறகு: புறக்கடைக் கோழி வளர்ப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்து ஊர் ஒன்றில், என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி நடந்தது இது. அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், அதனால் யார் பெயரும் இதில் வராது. நானும் பல வருஷமாக நாட்டுக்கோழி வளர்ப்பவன். முட்டைக் கணக்கு, அடை வைத்த தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டு இல்லாவிட்டால் கீழே வரும் எண்களை என்னால் சொல்லியிருக்க முடியாது.

பின்னணி

அப்போது அந்த வீட்டில் இருந்தது ஒரு சேவல், பதினொரு பெட்டைக்கோழிகள், மூன்று மாத வயதில் ஆறு விடைக்குஞ்சுகள், பிறகு ஒரு தாய்க்கோழியோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாதக் குஞ்சுகள் எட்டு. எல்லாம் சிறுவிடை, சின்ன உடம்பு நாட்டுக்கோழி இனம். பகலில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கர் மாந்தோப்பில் மேயும், சாயங்காலம் கூட்டுக்கு வந்துவிடும். காலையும் மாலையும் ஆளுக்கு ஒரு கை கம்பும் குருணையும் போடுவார்கள், மற்றபடி தோப்பில் கிடைக்கும் புழு, கரையான், புல் விதைதான் தீனி. முட்டைக்கும் குஞ்சுக்கும் கறிக்குமாக வருஷத்தில் ஒரு கணிசமான காசு அந்தப் பெரியம்மா கையில் நிற்கும். பேரனின் பள்ளிக்கூடச் செலவில் பாதி கோழிக் காசு என்று அவரே சொல்வார்.

சேவலுக்கு மூன்று வயது, இரண்டே கால் கிலோ எடை. செம்பட்டைக் கழுத்து, கருப்பும் பச்சையுமாக மின்னும் வால். அழகுக்காக அதை நல்ல சேவல் என்று சொல்லவில்லை. தீனியைக் கண்டால் தான் கொத்தாமல் 'டொக் டொக்' என்று கூப்பிட்டுப் பெட்டைகளை வரவழைத்து, அவை தின்ன ஆரம்பித்த பிறகுதான் தலையைக் குனியும். பிள்ளைகள் மேல் ஒருநாளும் பாய்ந்ததில்லை. இரண்டு பெட்டைகள் சண்டை போட்டால் நடுவில் போய் நின்றுவிடும், அதோடு சண்டை முடிந்துவிடும். சாயங்காலம் கூட்டு வாசலில் நின்று எல்லாம் உள்ளே போன பிறகு கடைசியாகப் போகும். அது ஆபத்துக்குக் கொடுக்கும் குரல் இரண்டு வகை. வானத்தில் பருந்து வட்டமிட்டால் மெலிந்து நீளமாக ஒரு சத்தம் வரும், கேட்டவுடன் பெட்டைகள் புதருக்குள் பதுங்கும். நாயோ கீரியோ தரையில் வந்தால் 'கொக் கொக் கொக்கோ' என்று விட்டு விட்டுக் கத்தும், அப்போது அவை கழுத்தை நிமிர்த்தி எந்தப் பக்கம் என்று பார்க்கும். சேவல்கள் இப்படி இரண்டு ஆபத்துக்கும் வேறு வேறு குரல் கொடுப்பதை ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாச் சேவலும் இதை ஒரே மாதிரி கவனமாகச் செய்வதில்லை. இது செய்தது. அது தலைமை வகித்த இரண்டு வருஷத்தில் வானத்துப் பறவைக்கு அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்தது நான்கு குஞ்சுகள்தான், என் வீட்டில் அதே காலத்தில் பத்துக்கு மேல் போயிருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சேவலுக்குப் பிறந்த ஏழு மாத இளஞ்சேவல்கள் நான்கு அந்த வீட்டில் இருந்தன. பொங்கலுக்கு நல்ல விலை வந்தது என்று நான்கையும் ஒரே நாளில் வியாபாரியிடம் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்துத்தான் இந்தச் சம்பவம். விற்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன், ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

சம்பவம் நடந்த காலை

மாசி முதல் வாரம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் வீட்டில் எல்லோரும் விடியுமுன்பே எழுந்துவிட்டார்கள். வழக்கமாக வெயில் தோப்பில் விழுந்த பிறகு, ஆறே முக்காலுக்கு மேல்தான் கூட்டைத் திறப்பார்கள். அன்று யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள், கோழிகள் பகல் முழுக்க அடைந்து கிடக்குமே என்று ஐந்து மணிக்கே பெரியம்மா கூட்டைத் திறந்து, தீனி போட்டுவிட்டு, ஐந்தேகால் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஐந்தரை மணிவாக்கில் என் வீட்டுக்குச் சேவல் கத்தும் சத்தம் கேட்டது. தரை ஆபத்துக் குரல். தெரு நாயாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்போலக் கத்திவிட்டு அது நின்றுவிட்டது. பெட்டைகள் மட்டும் கொஞ்ச நேரம் கொக்கரித்தன. நான் எழுந்து போகவில்லை. ஆறரைக்குத்தான் போய்ப் பார்த்தேன்.

அங்கே பார்த்தது

கூட்டிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு குவியல் இறகு, அங்கிருந்து வேலி வரை இழுத்த தடம், வேலிப் புதரடியில் சேவல். பிடரியில் இரண்டு ஆழமான பல் பதிவுகள். நெஞ்சுக் கறியில் ஒரு பக்கம் தின்னப்பட்டிருந்தது. மற்ற கோழிகள் ஒன்றுக்கும் காயம் இல்லை. எட்டுப் பெட்டைகள் மாமரக் கிளைகளில் ஏறி உட்கார்ந்திருந்தன, தாய்க்கோழி குஞ்சுகளோடு விறகு அடுக்குக்கு அடியில் இருந்தது, மீதி இரண்டும் மதியத்துக்குள் தானாக வந்து சேர்ந்தன. விடைக்குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. சேவல் முன்னால் போய் நின்றதால்தான் மற்றவை மரமேறும் நேரம் கிடைத்தது என்று நான் நம்புகிறேன்.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஈர மண் இருந்தது. அதில் கால் தடம் தெளிவாக விழுந்திருந்தது. வட்டமான தடம், நான்கு விரல், நகம் பதிந்த குறி இல்லை, வீட்டுப் பூனைத் தடத்தைவிட நல்ல பெரிது. நாயாக இருந்தால் நகம் பதியும். கீரி என்றால் தடம் சின்னதாக, நகக் குறியோடு இருக்கும். நாய் புகுந்தால் ஒன்றோடு நிற்பதும் அபூர்வம், கடித்துப் போட்டுக்கொண்டே போகும். அதனால் பூனை இனம் என்பது உறுதி. எங்கள் பக்கத்தில் வெருகு, அதாவது காட்டுப்பூனை உண்டு, சிறுமலைப் பக்கத் தோப்புகளில் பலரும் பார்த்திருக்கிறார்கள். அது வெருகுதான் என்பது எங்கள் முடிவு. பெரிய ஆண் பூனையாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, நேரில் யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் எடுத்த முடிவுகள்

பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். கல்யாண வீட்டில் இருந்தவர் சாப்பிடாமல் திரும்பி வந்துவிட்டார். வந்ததும் சேவலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் கேட்டது, "நான் நேரத்தோட திறக்காம இருந்திருந்தா இருந்திருக்கும்ல தம்பி?" இருந்திருக்கும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி ஆறுதல்படுத்த மனசு வரவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

சேவலை என்ன செய்வது என்பதில் பேச்சு வந்தது. கறியாக்கிவிடலாம் என்றார் வீட்டுக்கு வந்திருந்த ஒருவர். காட்டு விலங்கு கடித்துத் தின்றது, ரத்தம் வெளியேறாமல் மணிக்கணக்கில் கிடந்தது, அதனால் வேண்டாம் என்று முடிவானது. அதற்கு மேல் அந்தப் பத்து வயதுப் பேரன் அழுத அழுகையைப் பார்த்த பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எலுமிச்சை மரத்தடியில் மூன்றடி ஆழத்தில் புதைத்தோம். வெளியே போட்டிருந்தால் மிச்சத்துக்காக அந்தப் பூனை மறுபடி வரும்.

இன்னொருவர் சேவல் உடம்பில் விஷம் வைத்து வேலியில் போடலாம், வந்து தின்று செத்துப்போகும் என்றார். இதை நான் கடுமையாகவே மறுத்தேன். விஷம் வைத்தால் முதலில் சாவது ஊர் நாயும் காக்காயும்தான், தோப்புக்கு வரும் மயிலும் தப்பாது. காட்டுப்பூனை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு, கொல்வது குற்றம். அது தின்பதில் பெரும்பகுதி எலி. நெல் போடும் ஊரில் அது இருப்பது நமக்கு நல்லது. நம் கோழியை நாம் பத்திரமாக அடைக்க வேண்டும், அதுதான் நம் கையில் இருப்பது.

கூட்டைச் சுற்றிப் பார்த்தோம். அரைச் சுவர் செங்கல், மேலே அறுகோணக் கோழி வலை, ஓட்டுக் கூரை. கதவுக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி. அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும், பூனை பல் வைத்து இழுத்தால் பிய்ந்துவிடும். அன்று சாயங்காலமே கதவடியில் பலகை அடித்தோம். இரண்டாம் நாள் இரவு மூன்று மணிக்குக் கோழிகள் கத்தின, பெரியம்மா டார்ச் அடித்தபோது வேலிமேல் இரண்டு கண்கள் மின்னி மறைந்தன. காலையில் கதவுப் பலகையில் பிறாண்டிய தடம். ருசி கண்டது திரும்பி வரும் என்று நினைத்தது சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி எல்லாப் பக்கமும் அடித்தோம். கூட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதரையும் வெட்டிவிட்டோம். அதற்குப் பிறகு கூட்டுக்குள் எதுவும் வரவில்லை.

முட்டைகளைப் பற்றி எடுத்த முடிவு

இந்த ஆய்வை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான். சேவல் போனால் அதன் வித்தும் அன்றோடு போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சேவல் மிதித்த பிறகு விந்து கோழியின் கருக்குழாயில், ஓடு உருவாகும் பைக்குச் சற்றுக் கீழே இருக்கும் மிக நுண்ணிய குழல்களில் தங்கிவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய், ஒவ்வொரு மஞ்சள் கருவும் வெள்ளைக்கருவும் ஓடும் சூழ்வதற்கு முன்னாலேயே அதோடு சேரும். அதனால் சேவல் செத்து ஒரு வாரம் வரை இடப்படும் முட்டைகளில் பெரும்பாலும் கரு கூடியிருக்கும். பத்து நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே வரும், இரண்டு வாரம் தாண்டினால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அப்ப இன்னும் இருக்குங்கிறியா?" என்றார்.

பதினொன்றில் ஐந்து பெட்டைகள் அப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் பத்து நாள் முன்னால்தான் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருந்தார்கள், அதனால் முட்டை கொஞ்சம் குறைந்தும் இருந்தது. அரிசிப் பானையில் முந்தைய நான்கைந்து நாள் முட்டைகள் ஏழு இருந்தன. அன்றிலிருந்து ஒரு முட்டைகூட விற்கவோ சமைக்கவோ கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போட்டோம். ஈர மணல் பரப்பிய சட்டியில் ஒரு சாக்கு விரித்து, கூர் முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வீட்டில் இருட்டாகவும் குளுமையாகவும் இருந்த மூலையில் வைத்தோம். மாசியிலேயே பகல் சூடு ஏறிவிடும் ஊர் இது. ஏழு நாளுக்கு மேல் வைத்தால் உள்ளே கரு பாதி வளர்ந்து கெட்டுப்போகும் என்பதால் அதற்குள் அடை வைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டோம்.

ஒரு பெட்டை ஏற்கெனவே அடை படுத்திருந்தது, இன்னொன்று படுக்கும் அறிகுறி காட்டியது. மூன்றாம் நாள் சாயங்காலம் முதல் கோழிக்குப் பழைய ஏழு முட்டையும் அந்த மூன்று நாளில் வந்த ஆறுமாகப் பதின்மூன்று வைத்தோம். பத்தாம் நாள் இரண்டாவது கோழிக்கு, நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை வந்த பதினைந்து. அதோடு நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். ஆனால் பதினாறாம் நாள் மூன்றாவதாக ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தது. "ஒண்ணு பொரிச்சாலும் அது அவன் குஞ்சுதானே" என்று பதினோராம் நாளுக்குப் பிறகு வந்த ஒன்பதையும் பெரியம்மா வைக்கச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு அடையிலும் வைத்த ஏழாம் நாள் ராத்திரி முட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்தோம். கரு கூடியிருந்தால் உள்ளே சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடும், இல்லாவிட்டால் வெளிச்சம் தெளிவாக ஊடுருவும். முதல் அடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு கரு, பொரித்தது பதினொன்று. இரண்டாம் அடையில் பதினைந்தில் பன்னிரண்டு கரு, பொரித்தது பத்து. மூன்றாம் அடையில் ஒன்பதில் மூன்றுதான் கரு, பொரித்தது இரண்டு. மொத்தம் 23 குஞ்சுகள்.

இதில் ஒரு சந்தேகம் உண்டு. எட்டாம் நாள் பக்கத்துத் தோட்டத்துச் சேவல் ஒன்று வேலி தாண்டி வந்து பெட்டைகளோடு நின்றதைப் பேரன் பார்த்து விரட்டினான். எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. புதிதாக ஒரு சேவல் மிதித்தால் அதன் விந்துதான் அடுத்த முட்டைகளில் முந்தும். அதனால் இரண்டாம் அடையின் கடைசி முட்டைகளும் மூன்றாம் அடையும் முழுக்க அந்தச் சேவலுடையவைதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. முதல் அடை மட்டும் சந்தேகமில்லை. முன்பே யோசித்திருந்தால் அந்தப் பத்து நாளும் பெட்டைகளை மேய விடாமல் வலைக்குள்ளேயே வைத்திருப்போம்.

சேவல் இல்லாத கூட்டம்

முதல் இரண்டு நாள் பெட்டைகள் தோப்புக்குள் போகவே இல்லை, கூட்டு வாசலிலேயே நின்றன. பிறகு போக ஆரம்பித்தன, ஆனால் முன்பு போலச் சேர்ந்து மேயாமல் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து போயின. சாயங்காலம் கூட்டுக்கு வராமல் முருங்கை மரத்தில் ஏறிவிடும், ஒவ்வொன்றாக இறக்கிக் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. வயதான சிவப்புப் பெட்டை ஒன்று மற்றவற்றைக் கொத்தி விரட்ட ஆரம்பித்தது, ஒரு இளம் பெட்டைக்குத் தலையில் ரத்தம் வந்தது. தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் நான்கு இடத்தில் தூவிய பிறகு அது கொஞ்சம் குறைந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வைரி என்கிற வேட்டைப் பறவை ஒன்று வந்து ஒரு மாதக் குஞ்சுகளில் ஒன்றைத் தூக்கிவிட்டது. அடுத்த நாள் இன்னொன்று. இரண்டு முறையும் எச்சரிக்கைக் குரல் எதுவும் கேட்கவில்லை என்றார் பெரியம்மா, தாய்க்கோழி கத்தும்போது பறவை தரைக்கே வந்துவிட்டது. அதன் பிறகு குஞ்சுகளைப் பகல் முழுக்கப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஆள் உட்காரும் நேரத்தில் மட்டும் திறந்துவிட்டார்கள்.

சந்தையில் வாங்கிய சேவல்

பெரியம்மாவின் மகனுக்குப் பொறுமை இல்லை. அம்மா கவலைப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் பதினெட்டாம் நாள் வாரச் சந்தைக்குப் போய் 1,500 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோவில் ஒரு சேவல் வாங்கிக்கொண்டு வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நேராகக் கூட்டத்தில் விடப் போனார். நான் தடுத்ததில் அவருக்குக் கோபம்தான், "சந்தையில வாங்காம வேற எங்க வாங்குறது?" என்றார். வாங்கியதில் தப்பில்லை, மூன்று வாரம் தள்ளி வையுங்கள் என்றேன். பல ஊர்க் கோழிகள் ஒரே இடத்தில் கூடும் சந்தையில் எது எந்தச் சீக்கோடு வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, நோய் ஏறிய கோழி சில நாள் எந்த அறிகுறியும் காட்டாது. அடைகோழிகள் மூன்று படுத்திருக்கும் வீடு இது. பெரியம்மா என் பக்கம் பேசினார். நூறு அடி தள்ளியிருந்த பழைய ஆட்டுக் கொட்டகையில் கட்டினார்கள். அதற்குத் தனித் தீனிச் சட்டி, தனி வாளி, தனிச் செருப்பு. மகன் மட்டும் அதைப் பார்ப்பது, மற்ற கோழிகளிடம் அவர் போகக் கூடாது.

ஐந்தாம் நாள் அந்தச் சேவல் தீனி எடுக்கவில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, கண் மூடிக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கியது. ஏழாம் நாள் கழுத்து முறுக்கிக்கொண்டது. எட்டாம் நாள் செத்துவிட்டது. எங்கள் பக்கம் இந்தக் கோழிக் கழிச்சலை வெள்ளைக் கழிச்சல் என்பார்கள், கொக்கு சீக்கு என்றும் சொல்வார்கள். உத்தராகண்டில் இருக்கும் ராணிக்கெட் ஊரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். கால்நடை மருத்துவர் அறிகுறிகளைக் கேட்டு, கழுத்து முறுக்கியதைப் போனில் எடுத்திருந்த வீடியோவையும் பார்த்துவிட்டு அதுவாகத்தான் இருக்கும் என்றார். ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவில்லை.

நாள் கணக்கைப் பாருங்கள். சந்தைச் சேவலுக்கு அறிகுறி தெரிந்தது இருபத்து மூன்றாம் நாள். மறுநாள், இருபத்து நான்காம் நாள், முதல் அடையில் பதினொரு குஞ்சுகளும் ஓடு உடைத்து வந்தன. நூறு அடி இடைவெளியில் ஒரு பக்கம் சாகக் கிடக்கும் சேவல், மறுபக்கம் போன சேவலின் குஞ்சுகள். அந்த நான்கு நாள் நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மகன் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கொட்டகைக்குப் போய்விட்டு வந்தால் குளித்து உடை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள்ளேயே வருவார். கோபப்பட்ட அதே மனிதர்தான். செத்த சேவலை நான்கடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, சட்டியையும் கயிறையும் எரித்துவிட்டு இரண்டு மாதம் அதைப் பூட்டி வைத்தார்.

கூட்டத்தில் ஒரு கோழிக்கும் நோய் வரவில்லை. தள்ளி வைத்ததாலா, ஒரு மாதம் முன்பு போட்ட ஊசியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்து காப்பாற்றியிருக்கும். ஊசி போட்ட தாயிடமிருந்து மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்ச நாளுக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்றார் மருத்துவர். அதை மட்டும் நம்பாமல் குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்தும் விட்டோம். அந்த மருந்து சின்னக் குப்பியிலேயே நூறு கோழிக்கு இருக்கும், கரைத்த பிறகு ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பதினொரு குஞ்சுக்காக ஒரு குப்பி உடைப்பது வீண் என்று, அன்றே தெருவில் ஆறு வீட்டுக் குஞ்சுகளுக்கும் சேர்த்துப் போட்டோம். அந்த ஆறில் நான்கு வீட்டில் அதுவரை யாரும் சொட்டு மருந்து விட்டதே இல்லை.

குஞ்சுகளும் இளஞ்சேவல்களும்

23இல் இரண்டு மாதம் தாண்டியது 17. முதல் வாரத்தில் சவலையாக இருந்த இரண்டு போயின, ஒன்று தண்ணீர்ச் சட்டியில் விழுந்து போனது (அதன் பிறகுதான் சட்டியில் கூழாங்கல் போட்டோம்), ஒன்றைக் காக்கா தூக்கியது, ஒன்று தாய் காலில் மிதிபட்டது, ஒன்று எப்படிப் போனது என்றே தெரியவில்லை. 17இல் சேவல் ஏழு, பெட்டை பத்து.

இதற்கிடையில் வேறு சேவல் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அடை வைத்தாலும் பொரிப்பு குறைவாகத்தான் இருக்கும். கரு கூடாத முட்டை வெயிலில் சீக்கிரம் கெடாது, எனவே அந்த மாதங்களில் எல்லா முட்டையையும் தின்னும் முட்டையாக 12 ரூபாய்க்கு விற்றார்கள். குஞ்சு விற்கும் வருமானம் அந்த வருஷம் இல்லாமல் போனது. அது சின்ன நஷ்டம் இல்லை, பேரனுக்குக் கட்ட வேண்டிய பணத்தில் பாதிக்கு மகன் முன்பணம் வாங்கித்தான் கட்டினார்.

ஆவணியில் முதல் அடைச் சேவல்கள் கூவ ஆரம்பித்தன. எதை வைத்துக்கொள்வது என்பதைப் பெரியம்மா ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தார். எடையில் முந்தியது ஒன்று இருந்தது, அது பிள்ளைகளைக் கொத்தியது, தீனியைக் கூப்பிடாமல் தானே தின்றது, அதனால் அது வேண்டாம் என்றார். தீனி கண்டால் கூப்பிடுகிறதா, மேலே பறவை போனால் தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா, கால் நேராக இருக்கிறதா, இதைத்தான் பார்த்தார். மூன்றைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று கூட்டத்தோடு, ஒன்று மாற்றாகத் தனிக் கூட்டில். மூன்றாவதைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்கு இரண்டு பெட்டைகளோடு வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க விட்டார். அங்கே பொரிக்கும் குஞ்சில் பாதி இவருக்கு. இனி இங்கே எது வந்தாலும் அந்த வீட்டில் வித்து இருக்கும்.

இளஞ்சேவல் மிதித்து வைத்த முதல் அடையில் பன்னிரண்டு முட்டைக்கு ஏழுதான் கரு, வயது போதாததால் இருக்கலாம். இரண்டாவது அடையில் பத்து.

மறுபடி நடந்தால் மாற்ற வேண்டியவை

பொங்கலுக்கு விலை வந்தாலும் ஆடிக் கொடைக்கு விலை வந்தாலும் நல்ல சேவலின் பிள்ளைகளில் இரண்டையாவது வைத்துக்கொண்டுதான் மீதியை விற்க வேண்டும், அதுவும் அவை கூவி மிதிக்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகு. இந்த வீட்டில் நான்கையும் ஒன்றாக விற்றதுதான் முதல் தவறு, வெருகு அப்புறம்தான் வந்தது. வயது வந்த சேவல்கள் இரண்டைப் பத்துப் பெட்டைக்கு நடுவே ஒன்றாக விட்டால் சண்டையில் இரண்டும் கெடும், மாற்றுச் சேவலுக்குத் தனிக் கூடும் தனி நேரமும் வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் பலரும் தயங்குகிறார்கள். பழைய செங்கல்லும் மிச்ச மெஷ்ஷும் வைத்து இவர்கள் கட்டிய தனிக் கூட்டுக்கு 900 ரூபாய்தான் ஆனது.

எப்போதும் எல்லா முட்டையிலும் தேதி போட வேண்டும். சேவல் போன அன்றுதான் இவர்கள் போட ஆரம்பித்தார்கள், பானையில் இருந்த ஏழில் எது எந்த நாள் முட்டை என்று ஊகித்துத்தான் வைத்தோம். வெளியூர் போகும் நாளில் கூட்டைத் திறக்காமல் உள்ளேயே தண்ணீரும் தீனியும் வைத்துவிட்டுப் போகலாம், ஒரு பகல் அடைந்து கிடந்தால் கோழிக்கு ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து வெயில் வந்த பிறகு திறக்கச் சொல்லலாம். அன்று அந்தச் சாவி என்னிடம் வந்திருக்கலாம், கேட்டிருந்தால் மறுத்திருக்கமாட்டேன். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்தும் நானாகச் சொல்லவும் இல்லை. கத்தல் கேட்டபோது எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை.

இப்போது அந்தக் கூட்டுச் சாவி ஒன்று என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கூட்டத்தோடு இருக்கும் மகன் சேவலுக்கு அப்பனின் செம்பட்டைக் கழுத்து வரவில்லை, கழுத்தும் நெஞ்சும் கருப்பு. போன வாரம் மேலே வைரி வட்டமிட்டபோது அந்த மெலிந்த நீளக் குரலைக் கொடுத்தது. பெட்டைகள் எல்லாம் வேலிப் புதருக்குள் ஓடின.